கடல்நீரும் ஒரு கிண்ணமும்

"நீரின் சுழற்சி என்றால் என்ன?" என்று ஏழாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். நாற்பது கைகள் ஒரே நேரத்தில் உயரும். "கதிரவனின் வெப்பத்தால் கடல்நீர் ஆவியாகி மேலே செல்கிறது, அங்கே குளிர்ந்து மேகமாகிறது, மேகம் மழையாகப் பொழிகிறது, மழைநீர் ஆறுகளின் வழியாக மீண்டும் கடலை அடைகிறது" என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். படம் வரையச் சொன்னால், இடப்புறம் ஒரு மலை, வலப்புறம் கடல், மேலே கண்ணும் வாயும் வைத்த சூரியன், நடுவே நான்கு அம்புக்குறிகள் என்று அழகாக வரைந்தும் காட்டுவார்கள். பத்துக்குப் பத்து மதிப்பெண்ணும் பெறுவார்கள்.

இந்தப் பதிலில் பிழை ஒன்றும் இல்லை. ஆயினும், இதைக் கற்பித்த எங்களுக்கு மனத்தில் ஒரு குறை இருந்துகொண்டே இருந்தது. அந்தக் குறை என்னவென்று எங்களுக்கு எடுத்துக்காட்டியவள் ஒரு மாணவிதான். மாமல்லபுரத்தை அடுத்த ஒரு மீனவர் குப்பத்திலிருந்து வருபவள். பாடம் முடிந்த பிறகு எழுந்து நின்று, "டீச்சர், மழை கடலிலிருந்துதான் வருகிறது என்றால், கடல் எங்கள் வீட்டு வாசலிலேயே இருக்கிறதே. அப்படியும் எங்கள் அம்மா ஏன் குடத்தைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் நடக்க வேண்டும்?" என்று கேட்டாள்.

எங்களால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. கரும்பலகையில் நாங்கள் வரைந்திருந்த நான்கு அம்புகளில் ஒன்றுகூட அவள் வீட்டுக் குடத்தை நோக்கிப் போகவில்லை! ஆகவே, புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, ஒரு சிறிய கடலையும் ஒரு சிறிய வானத்தையும் நாமே செய்து பார்ப்போம் என்று தீர்மானித்தோம். அந்தச் செய்முறையையும், அதிலிருந்து மாணவிகளும் நாங்களும் கற்றுக்கொண்டதையும் இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம். பெற்றோர்களும் விடுமுறை நாளில் வீட்டு மொட்டை மாடியில் இதைச் செய்து பார்க்கலாம்.

செய்முறை

தேவையான பொருள்கள் எல்லாம் வீட்டிலேயே கிடைப்பவை: அகன்ற பேசின் ஒன்று, அதன் விளிம்பைவிட உயரம் குறைந்த எவர்சில்வர் கிண்ணம் ஒன்று, ஒளி ஊடுருவும் பாலிதீன் தாள், கட்டுவதற்கு நீளமான கயிறு அல்லது பழைய சைக்கிள் டியூப், இரண்டு கூழாங்கற்கள், சமையல் உப்பு, தண்ணீர்.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. ஆகவே ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி உப்பு வீதம் போட்டுக் கரைத்தால் நம்முடைய 'கடல்' தயாராகிவிடும். நாங்கள் ஒரு பேசினில் மாமல்லபுரத்துக் கடல்நீரையே ஊற்றினோம். ஆனால் கரையோரக் கடல்நீரில் அழுக்கும் கலந்திருக்கக் கூடுமாதலால், சுவைத்துப் பார்ப்பதற்கு உப்புக் கரைத்த சுத்தமான நீரையே பயன்படுத்த வேண்டும். பேசினும் கிண்ணமும் தாளும் கழுவித் துடைக்கப்பட்டிருக்க வேண்டும்.

பேசினில் இரண்டு விரற்கடை ஆழத்திற்கு உப்புநீரை ஊற்றுங்கள். நடுவில் காலிக் கிண்ணத்தை வையுங்கள். பேசினின் வாயைப் பாலிதீன் தாளால் மூடி, காற்றுப் புகாதபடி சுற்றிலும் இறுக்கமாகக் கட்டுங்கள். கிண்ணத்திற்கு நேர் மேலே தாளின் மீது ஒரு கூழாங்கல்லை வைத்தால், தாள் நடுவில் சற்றுப் பள்ளமாகத் தொங்கும். அது கிண்ணத்தைத் தொட்டுவிடக் கூடாது. பிறகு நல்ல வெயிலில் காலையிலிருந்து மாலை வரை அசைக்காமல் வைத்துவிடுங்கள். அவ்வளவுதான்.

முதல் நாள் நடந்தது

நாற்பது மாணவிகளும் ஐந்து குழுக்களாகப் பிரிந்து ஐந்து பேசின்களை வைத்தார்கள். காலை பத்து மணிக்கெல்லாம் தாளின் உட்புறம் மூடுபனி போல் வெளிறியது. நண்பகலில் அந்தப் பனி முத்து முத்தான துளிகளாகத் திரண்டது. துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பருத்து, தாளின் சரிவில் மெல்ல வழுக்கிக் கூழாங்கல்லை நோக்கி வந்தன. முதல் துளி விழுந்தபோது எழுந்த கூச்சலைக் கேட்டுத் தலைமையாசிரியை சிஸ்டர் அவர்களே வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

மாலை நான்கு மணிக்குத் தாளைத் திறந்தோம். எதிர்பார்த்தபடி எல்லாம் நடந்துவிடவில்லை. இரண்டு குழுக்களின் கிண்ணங்கள் இலேசாக இருந்ததால் உப்புநீரில் மிதந்து சாய்ந்து கிடந்தன. ஒரு குழுவில் கயிறு தளர்ந்து ஆவியெல்லாம் வெளியே போய்விட்டது. இன்னொரு குழுவினர் அவசரத்தில் கிண்ணத்தை வைக்கவே மறந்துவிட்டிருந்தார்கள். ஒரே ஒரு கிண்ணத்தில் மட்டும் அரைத் தம்ளருக்கும் குறைவான தெளிந்த நீர் இருந்தது.

கிண்ணம் வைக்க மறந்த குழுவின் தலைவி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "எங்கள் கடலில் நாள் முழுவதும் மழை பெய்தது டீச்சர். ஆனால் குடிக்க ஒரு சொட்டுக்கூட இல்லை" என்றாள். வகுப்பே சிரித்தது. நாங்களும் சிரித்தோம். ஆனால் அவள் தன்னை அறியாமலேயே அன்றைய பாடத்தின் மிக முக்கியமான வாக்கியத்தைச் சொல்லிவிட்டாள் என்பது பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது.

மறுநாள் ஒவ்வொரு கிண்ணத்திற்குள்ளும் நன்றாகக் கழுவிய ஒரு கல்லைப் போட்டு, மிதக்காமல் செய்தோம். கயிற்றுக்குப் பதிலாகச் சைக்கிள் டியூபால் கட்டினோம். ஐந்து கிண்ணங்களிலும் தண்ணீர் சேர்ந்தது. உள்ளே கறுப்பாக இருந்த பேசினில் மற்றவற்றைவிட அதிகம் சேர்ந்தது. கறுப்பு நிறம் வெப்பத்தை மிகுதியாக ஏற்றுக்கொள்ளும் அல்லவா? மாணவிகள் ஆளுக்கொரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்கள். "உப்பே இல்லை, ஆனால் சப்பென்று இருக்கிறது" என்றார்கள். அதுவும் சரியே. ஆவியான நீர் உப்பை மட்டுமல்ல, நம் கிணற்று நீருக்குச் சுவை தரும் மற்றத் தாதுப் பொருள்களையும் கீழேயே விட்டுவிட்டுத்தான் மேலே ஏறுகிறது.

உள்ளே நிகழ்வது என்ன?

நீர் ஆவியாக வேண்டுமானால் கொதிக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். கொடியில் உலர்த்திய ஈரப் புடவை கொதித்தா காய்கிறது? எந்த வெப்பநிலையிலும் நீரின் மேற்பரப்பிலிருந்து சிறிது சிறிதாக நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். வெப்பம் கூடினால் அந்த வேகமும் கூடும். இவ்வாறு எழுந்த ஆவி, வெளிக்காற்றுப் பட்டுக் குளிர்ந்திருக்கும் தாளைத் தொட்டதும் மீண்டும் நீர்த்துளியாகிறது. கடலின் மேலும் இதுவே நிகழ்கிறது. அங்கே தாளுக்குப் பதிலாக உயரத்தில் உள்ள குளிர்ந்த காற்று இருக்கிறது. ஆவி கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய தூசிகளின் மீது படிந்து துளியாகிறது.

இப்படி ஒரு பாத்திரத்தில் உப்புநீரை வைத்துப் பார்த்தவர்களில் நாம் முதல்வர்கள் அல்ல. வால்நட்சத்திரத்தால் புகழ்பெற்ற ஆங்கிலேய விஞ்ஞானி எட்மண்ட் ஹாலி, கடல்நீரின் அளவுக்கு உப்புக் கரைத்த நீரை ஒரு பாத்திரத்தில் ஊற்றி, கோடைக்காலத்துக் காற்றின் வெப்பத்திற்கு அதைச் சூடாக்கித் தராசில் தொங்கவிட்டு, இரண்டு மணி நேரத்தில் எவ்வளவு எடை குறைகிறது என்று பார்த்தார். அந்தச் சிறிய இழப்பை வைத்துக்கொண்டு, மத்தியதரைக் கடல் முழுவதிலிருந்தும் கோடையில் ஒரே நாளில் 500 கோடி டன்னுக்கும் மேற்பட்ட நீர் ஆவியாகும் என்று கணக்கிட்டார். இந்த ஆராய்ச்சி 1687-இல் வெளிவந்தது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர், 1674-இல், பிரெஞ்சு நாட்டவரான பியர் பெரோ, சேன் ஆற்றின் தலைப்பகுதியில் பெய்யும் மழையையும் அங்கே ஆற்றில் ஓடும் நீரையும் ஒப்பிட்டு, மழை ஆற்றுநீரைப்போல் ஆறு மடங்கு இருக்கிறது என்று காட்டினார். அதுவரை ஆறுகளுக்கு மழை மட்டும் போதாது, பூமிக்கடியிலிருந்து கடல்நீர் ஊறி வருகிறது என்று படித்தவர்களே நம்பிவந்தார்கள். ஒரு பாத்திரமும் ஒரு தராசும் பொறுமையும் இருந்தால் எவ்வளவு பெரிய உண்மையையும் எட்டலாம் என்பதற்கு இவர்கள் சான்று.

உப்பு வேண்டுமா, நீர் வேண்டுமா?

"மிச்சமிருக்கும் நீர் என்ன ஆகும்?" என்று மாணவிகள் கேட்டார்கள். தாளை எடுத்துவிட்டு ஒரு பேசினைச் சில நாள் வெயிலிலேயே விட்டுவைத்தோம். அடியில் வெள்ளை வெளேரென்று உப்புப் பூத்தது. கேளம்பாக்கத்திலும் தெற்கே மரக்காணத்திலும் உள்ள உப்பளங்களில் பாத்திகளில் கடல்நீரைப் பாய்ச்சி அவர்கள் செய்வதும் இதுதான். உப்பளத்துத் தொழிலாளர் ஆவியைப் போகவிட்டு உப்பை வாருகிறார். நாம் உப்பை விட்டுவிட்டு ஆவியைப் பிடித்தோம்.

ஆவியைப் பிடிக்கும் இந்த முறையைப் பெரிய அளவிலும் செய்திருக்கிறார்கள். தென் அமெரிக்காவில் சிலி நாட்டுப் பாலைவனத்தில் லாஸ் சலினாஸ் என்னுமிடத்தில் 1872-இல் சார்லஸ் வில்சன் என்பவர் கண்ணாடிக் கூரையிட்ட தொட்டிகளை அமைத்து, சுரங்கத்தில் உழைத்த விலங்குகளுக்கு நாளொன்றுக்கு 20,000 லிட்டருக்கு மேல் நன்னீர் வடித்துக் கொடுத்தார். நம் நாட்டில் குஜராத் மாநிலம் பாவ்நகரில் உள்ள மத்திய உப்பு மற்றும் கடல் இரசாயன ஆராய்ச்சி நிலையத்தார், அருகிலுள்ள அவானியா கிராமத்திற்கு 1978-இல் இத்தகைய சூரிய வடிகலன்களை நிறுவினார்கள்.

இவ்வளவு தூரம் போவானேன்? நம் கல்பாக்கத்திலேயே பாபா அணு ஆராய்ச்சி மையத்தார், கடல்நீரை நாளொன்றுக்கு 63 லட்சம் லிட்டர் நன்னீராக்கும் அளவில் ஒரு நிலையத்தை அமைத்தார்கள். அதில் 45 லட்சம் லிட்டர், அணுமின் நிலையத்து நீராவியின் வெப்பத்தைக் கொண்டு கடல்நீரை ஆவியாக்கிக் குளிர்விக்கும் முறையிலும், மீதி 18 லட்சம் லிட்டர், கடல்நீரை மெல்லிய சவ்வுகளின் வழியே அழுத்தி வடிகட்டும் முறையிலும் பெறுவதற்கானவை. மாமல்லபுரத்திற்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள நெம்மேலியில் சென்னைக் குடிநீர் வாரியத்தின் இரண்டு நிலையங்கள் இருக்கின்றன. 2013-இல் திறக்கப்பட்டது நாளொன்றுக்கு 10 கோடி லிட்டரும், 2024-இல் திறக்கப்பட்டது 15 கோடி லிட்டரும் தரவல்லவை. இவ்விரண்டும் சவ்வு முறையில் இயங்குபவை.

"அப்படியானால் எல்லாருக்கும் கடல்நீரையே நன்னீராக்கிக் கொடுத்துவிடலாமே?" என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. அதற்குக் கணக்கில்தான் விடை இருக்கிறது. 30 டிகிரியில் உள்ள ஒரு கிராம் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 70 கலோரி வெப்பம் போதும். கொதிக்கும் அந்த ஒரு கிராம் நீரை ஆவியாக மாற்றவோ ஏறக்குறைய 540 கலோரி தேவை. ஏழு மடங்குக்கும் மேல்! சவ்வு முறையில் இவ்வளவு வெப்பம் வேண்டியதில்லை என்றாலும், கடல்நீரை மிகுந்த அழுத்தத்தில் தள்ள மின்சாரம் செலவாகிறது. கதிரவனோ இந்த வேலையை எவரிடமும் கட்டணம் கேளாமல் நாள்தோறும் செய்கிறான்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தோம். நெம்மேலியின் இரண்டு நிலையங்களும் முழு அளவில் இயங்கினால் ஒரு நாளில் 25 கோடி லிட்டர் கிடைக்கும். வெறும் 25 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரே ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தாலும் அதே 25 கோடி லிட்டர்தான். ஒரு நல்ல மழை அரை மணி நேரத்தில் அதைக் கொட்டிவிட்டுப் போய்விடும். ஆக, வானம் நமக்குக் குறை வைக்கவில்லை. குறை வேறெங்கோ இருக்கிறது.

கிண்ணம் எங்கே?

இந்த இடத்தில்தான் கிண்ணம் வைக்க மறந்த குழுவை மாணவிகளுக்கு நினைவூட்டினோம். கடலிலிருந்து ஆவியாகும் நீரில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு மீண்டும் கடலிலேயே மழையாக விழுந்துவிடுகிறது. எஞ்சிய ஒரு பங்குதான் காற்றோடு நிலத்திற்கு வருகிறது. அந்த ஒரு பங்கும் நம் பகுதிக்கு ஆண்டு முழுவதும் சீராக வருவதில்லை. மேற்கிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தின் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே இறக்கிவிடுகிறது. வங்கக் கடலைக் கடந்து வரும் வடகிழக்குப் பருவக்காற்றே நமக்கு முக்கியமானது. ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் பெய்துவிடுகிறது. நம் பாலாற்றைப் பாருங்கள்: மழைக்காலத்தில் சில நாட்கள் கரைபுரண்டு ஓடி, சதுரங்கப்பட்டினத்தை அடுத்த வயலூருக்கு அருகே கடலில் கலந்துவிடுகிறது, மற்ற நாட்களில் பெரும்பாலும் மணலாகத்தான் கிடக்கிறது.

மூன்று மாதம் பெய்யும் மழையைப் பன்னிரண்டு மாதம் குடிப்பது எப்படி? நம் முன்னோர் இதற்குக் கண்ட விடைதான் ஏரி. பேசினுக்கு நடுவே நாம் வைத்த கிண்ணத்தின் வேலையை ஏரி செய்கிறது. செங்கல்பட்டு மாவட்டத்தில் நீர்வளத் துறையின் பொறுப்பில் மட்டும் 500-க்கும் மேற்பட்ட ஏரிகள் இருக்கின்றன. ரயிலில் சென்னையிலிருந்து வரும்போது செங்கல்பட்டு நிலையத்தை நெருங்குகையில் பாதையோரமாகப் பரந்து கிடக்கும் கொளவாய் ஏரியை நீங்கள் எத்தனை முறை பார்த்திருப்பீர்கள்! ஏரிக்கு நீரைக் கொண்டுவரும் வரத்துக்கால், நீரைத் தாங்கும் கரை, வயலுக்கு விடும் மதகு, மிகுந்த நீரை வெளியேற்றும் கலங்கல் என்று ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு பெயர், ஒரு பணி. ஓர் ஏரியின் கலங்கலில் வழியும் நீர் கீழே உள்ள அடுத்த ஏரிக்குச் செல்லும்படி ஏரிகளைச் சங்கிலித் தொடராக அமைத்தார்கள். மதகைத் திறந்து மூடி ஊருக்கு நீரைப் பங்கிட்டுக் கொடுப்பதற்கென்றே நீர்க்கட்டி என்ற பணியாளர் இருந்தார்.

கிண்ணம் இருந்தால் மட்டும் போதாது, அதைக் காக்கவும் வேண்டும் என்பதையும் அவர்கள் அறிந்திருந்தார்கள். காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், குடவோலை முறையில் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த ஊர் வாரியங்களைப் பற்றிச் சொல்கின்றன. அவற்றுள் ஒன்று ஏரி வாரியம்! மதுராந்தகம் ஏரியைப் பற்றி ஒரு செவிவழிச் செய்தி உண்டு. 1790-களில் செங்கல்பட்டில் கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸ் என்ற ஆங்கிலேயர், ஒவ்வொரு மழைக்கும் உடையும் கரை இந்த முறையும் உடைந்துவிடுமோ என்று அஞ்சி, கொட்டும் மழையில் இரவில் பார்க்கச் சென்றாராம். அங்கே வில்லேந்திய இருவர் கரையைக் காத்து நிற்கக் கண்டாராம். அவ்வூர்க் கோயில் இன்றும் ஏரி காத்த ராமர் கோயில் என்றே அழைக்கப்படுகிறது. எந்தச் சமயத்தவராயினும், ஏரிக்கரை உடையுமோ என்ற கவலையில் ஒரு மக்கள் கூட்டம் எவ்வளவு உறக்கமிழந்திருக்கிறது என்பதை இக்கதை நமக்கு உணர்த்துகிறது.

மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா செல்லும் மாணவிகள் அருச்சுனன் தபசு என்னும் பெரும்பாறைச் சிற்பத்தின் நடுவில் உள்ள பிளவைக் கவனியுங்கள். அதில் நாகர்கள் நீந்துவதுபோல் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். வானத்துக் கங்கை நிலத்துக்கு இறங்குவதையே அது குறிக்கிறது என்பாரும் உண்டு. பாறையின் மேலே தொட்டி கட்டி நீரைத் தேக்கி, அப்பிளவின் வழியே விழச் செய்திருப்பார்கள் என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. அருவியைக் காட்ட விரும்பிய சிற்பிகூட முதலில் மேலே ஒரு கிண்ணம் வைக்க வேண்டியிருந்தது.

கிண்ணத்தை நாம் மறந்தால் என்ன ஆகும் என்பதைச் சமீப ஆண்டுகள் காட்டிவிட்டன. 2015 டிசம்பர் 2-ஆம் நாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. அதாவது ஒவ்வோர் ஏக்கரிலும் ஏறக்குறைய 20 லட்சம் லிட்டர்! வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்ததை நம் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். நான்கு ஆண்டுகள்கூட நிறைவதற்குள், 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜூலை மாதத்தில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவர வேண்டியதாயிற்று. வரத்துக்கால்களை அடைத்தும், ஏரியின் வயிற்றிலேயே வீடு கட்டியும், மண்ணும் குப்பையும் கொட்டியும் கிண்ணத்தைச் சிறிதாக்கிக்கொண்டே போனால், பெய்யும்போது வெள்ளம், பெய்யாதபோது பஞ்சம் என்று இரண்டையும் மாறி மாறி அனுபவிக்க வேண்டியதுதான்.

மணலுக்குள் ஒரு கிண்ணம்

குப்பத்திலிருந்து வரும் மாணவியின் கேள்விக்கு இன்னும் முழு விடை சொல்லவில்லை. அதற்கு இன்னொரு சிறிய செய்முறை. ஒரு கண்ணாடித் தம்ளரில் பாதியளவு உப்புநீரை ஊற்றுங்கள். சிறிது மை கலந்த நல்ல நீரைக் கரண்டியின் பின்புறத்தின் மீது விட்டு, மிக மெதுவாக வழிய விடுங்கள். கனம் குறைந்த நல்ல நீர், உப்புநீரின் மீது தனி அடுக்காக மிதக்கும். மேலடுக்கை ஒரு பிச்சுக் குழாயால் மெல்ல மெல்ல எடுத்தால் அது நல்ல நீர்தான். வேகமாக எடுத்துக்கொண்டே போனால் விரைவில் உப்புநீர் ஏறி வந்துவிடும்.

கடற்கரை மணலுக்கு அடியிலும் இப்படித்தான். மணலில் ஊறிய மழைநீர், கீழே உள்ள உப்புநீரின் மீது மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்திற்கு மேல் ஒரு மீட்டர் உயரத்துக்கு நல்ல நீர் நின்றால், கடல்மட்டத்திற்குக் கீழே ஏறக்குறைய 40 மீட்டர் ஆழம் வரை நல்ல நீர் இருக்க முடியும் என்று விஞ்ஞானிகள் கண்டிருக்கிறார்கள். இதன் மறுபக்கத்தையும் கவனிக்க வேண்டும். மேலே ஒரு மீட்டர் குறைந்தால், கீழே உப்புநீர் காலப்போக்கில் 40 மீட்டர் உயர்ந்துவிடலாம். ஆழ்குழாய்க் கிணறுகளால் அளவுக்கு மீறி இறைத்தால், மணல் மேடுகளை வெட்டி எடுத்துவிட்டால், மழைநீர் ஊற இடமில்லாமல் எங்கும் சிமெண்டைப் பூசிவிட்டால், தலைமுறை தலைமுறையாக நல்ல நீர் தந்த கிணறு உவர்த்துப்போகும். அப்போது கடல் வாசலில் இருந்தும் தாய்மார்கள் குடத்தோடு நடக்கத்தான் வேண்டும்.

இதை விளக்கியபோது அந்த மாணவி, "அப்படியானால் எங்கள் மணல்தான் எங்கள் கிண்ணம், இல்லையா டீச்சர்?" என்றாள். ஆம் மகளே, அதுவேதான்.

நாம் செய்யக்கூடியது

வீட்டு மொட்டை மாடியின் நீளத்தையும் அகலத்தையும் அளந்து பாருங்கள். பத்து மீட்டர் நீளமும் பத்து மீட்டர் அகலமும் உள்ள மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர் தண்ணீர் விழுகிறது. அது எங்கே போகிறது? 2003-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. உங்கள் வீட்டிலும் அதற்கான குழாயும் குழியும் இருக்கக் கூடும். குழாய் உடைந்திருக்கிறதா, குழி மண் மூடிக் கிடக்கிறதா என்று மழைக்காலம் தொடங்குமுன் அப்பாவோடு சேர்ந்து பாருங்கள். உங்கள் ஊர் ஏரியின் பெயரை, அதன் வரத்துக்கால் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதைத் தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதி வையுங்கள். ஏரியில் குப்பை போடுபவர்களைக் கண்டால், பணிவோடு, ஆனால் அஞ்சாமல் எடுத்துச் சொல்லுங்கள்.

அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் தம் பாடலில் தண்ணீரைச் சகோதரி என்று அழைத்தார். அந்தப் பாடலின் சொற்களையே தலைப்பாகக் கொண்டு திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட சுற்றுமடல், பாதுகாப்பான குடிநீர் பெறுவது மனிதரின் அடிப்படை உரிமை என்று வலியுறுத்துகிறது. சகோதரி வீட்டுக்கு வரும்போது அமர ஓர் இடம் தராமல் வாசலோடு திருப்பி அனுப்புவது முறையா?

இந்தச் செய்முறையால் அந்த மாணவியின் தாயாரின் குடம் மறுநாளே நிறைந்துவிடவில்லை. அப்படிச் சொல்லிக்கொள்ளவும் நாங்கள் விரும்பவில்லை. ஆனால் காலாண்டுத் தேர்வில் நீரின் சுழற்சியைப் படம் வரையச் சொன்னபோது, அவள் மலையும் கடலும் சூரியனும் வரைந்துவிட்டு, மலைக்கும் கடலுக்கும் நடுவே கரை கட்டிய ஓர் ஏரியையும், கரையோரத்து மணலில் ஒரு கிணற்றையும், அதனருகே குடத்தோடு நிற்கும் ஒரு பெண்ணையும் வரைந்திருந்தாள். புத்தகத்தில் உள்ள படத்தில் இவை இல்லை. நாங்கள் முழு மதிப்பெண் கொடுத்தோம். இப்போது எங்கள் கரும்பலகைப் படத்திலும் அந்தக் கிணறும் குடமும் இடம்பெற்றிருக்கின்றன.

கடலையும் கதிரவனையும் மேகத்தையும் இறைவன் படைத்துத் தந்தார். கிண்ணத்தை வைக்கும் பொறுப்பை மட்டும் நம்மிடம் விட்டிருக்கிறார். அதை நாம் மறவாதிருப்போமாக.